மிஞ்சிய சொல்

அப்பாவுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட் நின்று உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் கம்பெனியில் முதலில் அப்பாவைத்தான் அனுப்புவார்கள். கைவேலையில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் அங்கே இருந்தார்கள். ஆனால் மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, உள்ளே வியர்த்து நடுங்கிக்கொண்டிருப்பவருக்குப் பேச்சுக் கொடுக்க அவரை விட்டால் ஆளில்லை. ஊர்க்கதை, உலகக்கதை எல்லாம் பேசுவார். அதில் பாதிக்கு மேல் சரடு. கதவு திறந்த பிறகும் சிலர் வெளியே வராமல் கதையின் முடிவைக் கேட்டுவிட்டுத்தான் வருவார்கள் என்று அவரே சொல்லிக்கொள்வார். அதுவும் சரடாக இருக்கலாம்.

அவருடைய ஒரே மகள் பல் செய்யும் லேப் ஒன்றில் வேலை பார்த்தாள். மெழுகில் பல்வரிசை அடுக்கி, அச்சில் வார்த்து, சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றுவது அவள் பொறுப்பு. சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவத்தில் எல்லாம் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். “ஊரெல்லாம் உண்மை பேசிப் பிழைக்க முடியாமத் திண்டாடுது. என் பொண்ணு பாரு, பொய்ப்பல் செஞ்சே பிழைச்சுக்கறா” என்று அப்பா பார்ப்பவரிடமெல்லாம் சொல்வார்.

அவள் தனக்கானவனைத் தானே தேர்ந்தெடுத்தபோது அந்தச் சிரிப்பெல்லாம் ஒரு வருடம் நின்றுபோயிருந்தது. “அந்தப் பையன் உனக்கு ஒத்து வரமாட்டான்மா” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு கல்யாணத்துக்கு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். ஆனால் அதற்கடுத்த வருடமே மாமனாரும் மாப்பிள்ளையும் ஒட்டிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் தனியாக வந்து நின்றால், “அவர் எங்கே?” என்று அவள் தோளுக்கு மேலாகப் படிக்கட்டை எட்டிப் பார்ப்பார். மாப்பிள்ளை வந்துவிட்டால் மகள் வந்ததையே மறந்துவிடுவார்.

அதனால்தான் அவளால் சொல்ல முடியவில்லை. அவளுக்கும் கணவனுக்கும் இடையில் சண்டை என்று சொல்ல எதுவும் நடக்கவில்லை. பேச்சு குறைந்தது. பிறகு தேவைக்கு மட்டும் பேசினார்கள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “நாம எதுக்கு இப்படி இருக்கோம்?” என்று அவன் கேட்டான். அந்த வார இறுதியில் இரண்டு பெட்டிகளோடு லேப்புக்குப் பக்கத்தில் ஒரு அறைக்குக் குடிபோனாள். அவன் வீட்டிலேயே இருந்தான்.

“எங்க வீட்ல நானே சொல்லிக்கறேன். அதுவரைக்கும் நீங்க எதுவும் சொல்லாதீங்க” என்று கேட்டுக்கொண்டாள். அவனும் சரி என்றான். அடுத்த வாரம் சொல்லிவிடலாம், அதற்கடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று மாதங்கள் ஓடின. “அப்பவே சொன்னேனே” என்று அப்பா கேட்டிருந்தால்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். அவர் அப்படிக் கேட்கமாட்டார். வாயை மூடிக்கொண்டு அவளுக்கு டீ போட்டுத் தருவார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை அவளுக்கு வார விடுமுறை. அப்படி ஒரு வியாழக்கிழமை முற்பகலில், அறையின் குளியல் தொட்டிக்குள் துணிகளை அலசிக்கொண்டிருந்தபோது அப்பா போன் செய்தார்.

“என்னம்மா பண்றே?”

“சமைச்சிட்டு இருக்கேன்பா.”

“வீட்லயா?”

“வீட்லதான். வேற எங்கே?”

அந்தப் பக்கம் எங்கோ சுத்தியலால் இரும்பைத் தட்டும் ஓசை கேட்டது.

“பொய்” என்றார் அப்பா.

அவர் குரலை உயர்த்தவில்லை.

“இல்லப்பா, நான் நிஜமாவே...”

“பொய்” என்றார் மறுபடியும். அந்தச் சொல்லின் முனை கொஞ்சம் மழுங்கியிருந்தது. அழுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். அப்பா அழுது அவள் கேட்டதில்லை. கேட்கவும் பயந்து, ஈரக் கையோடு போனை அணைத்துவிட்டாள்.

சிறிது நேரத்தில் வேறு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அப்பாவோடு வேலை பார்ப்பவர். நெட்டையான உடம்பும் நீண்ட கழுத்துமாக இருப்பதால் கம்பெனியில் எல்லோரும் அவரை ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவார்கள். “அம்மா, நீ எங்கே இருக்கே? அண்ணன் உங்க வீட்டு வாசல்லயே விழுந்துட்டார்மா. நான் மேலே மெஷின் ரூம்ல இருந்தேன். லிஃப்ட்டைக் கழட்டிப் போட்டிருக்கோம். தூக்கிக்கிட்டுப் படியில இறங்கி இப்போதான் கீழே வந்தேன், ஆஸ்பத்திரிக்குப் போறோம்” என்று மூச்சிரைக்கச் சொன்னார்.

அவள் கணவன் வசிக்கும் கட்டடத்தில் அன்று லிஃப்ட் பழுது. அப்பா அதற்காக வந்திருக்கிறார். மகளுக்கு விடுமுறை நாளாயிற்றே, ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று கதவைத் தட்டியிருக்கிறார். எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, “அவங்க இங்கே இருந்து போய் நாளாச்சே. சார் மட்டும்தான் இருக்கார்” என்று சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் பிறகு மருத்துவமனை வராந்தாவில் கணவன் அவளுக்குச் சொன்னான். பூட்டிய கதவின் முன்னால் நின்றுதான் அப்பா போன் செய்திருக்கிறார்.

அம்மா நீச்சல் குளத்தில் சீட்டு கொடுக்கும் வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தாள். அவள் மேல் குளோரின் வாடை அடித்தது. மகளையும் மருமகனையும் சேர்த்துப் பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

“உன் வாசல்லயே விழுந்திருக்கார். நீ எங்கேடி போயிருந்தே?”

“கடைக்குப் போயிருந்தேன்மா.”

பக்கத்தில் நின்ற கணவன் தரையைப் பார்த்தான்.

மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது, வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது என்றார் மருத்துவர். மூன்றாம் நாள் காலை. அம்மா ஈரத்துணியால் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு அசைந்தது.

“பொய்.”

“பேசிட்டார்” என்று அம்மா நர்ஸைக் கூப்பிட வெளியே ஓடினாள். கால்மாட்டில் நின்றிருந்த மகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வேறு சொல் வரவில்லை. வலிக்கிறதா என்றால் பொய். உன் பெயர் என்ன என்றால் பொய். அவர் முயன்று, நெற்றி நரம்பு புடைக்க, தலையை ஆட்டி ஆட்டி எதையோ தேடுவார். கடைசியில் வாயிலிருந்து விழுவது அந்த ஒன்றாகவே இருக்கும். அது விழுந்ததும் தானே ஏமாந்துபோனதுபோல் சுற்றியிருப்பவர்களைப் பார்ப்பார்.

வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். ஒட்டகமும் இன்னும் இரண்டு பேரும் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி வந்தார்கள். ஜன்னலோரமாகக் கட்டில் போடப்பட்டது. அம்மா நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டாள்.

அம்மா எதற்கும் இடிந்துபோகிறவள் அல்ல. ஒரு மாதத்துக்குள் அந்த ஒற்றைச் சொல்லை அவள் பல சொல்லாகப் பிரித்துக்கொண்டாள். வெடுக்கென்று சொன்னால் தண்ணீர். இரண்டு தடவை அடுத்தடுத்துச் சொன்னால் பாத்ரூம். இழுத்துச் சொல்லி மேலே தூக்கினால் ஏதோ கேட்கிறார். தொண்டைக்குள்ளேயே சொன்னால் சந்தோஷமாக இருக்கிறார். மூக்கால் சொன்னால் தலையணை சரியில்லை. “முன்னே ஆயிரம் வார்த்தை பேசினப்போகூட எனக்கு இவ்வளவு புரிஞ்சதில்லை” என்று பார்க்க வந்தவர்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

சிரிக்கவும் நிறைய நடந்தது. கம்பெனி மேலாளர் பழங்களோடு வந்து, “உங்க இடம் அப்படியே இருக்கு. நீங்க எப்போ வந்தாலும் வேலை உண்டு” என்றார். அப்பா அவரை நேராகப் பார்த்து, “பொய்” என்றார். மேலாளரின் முகம் செத்துவிட்டது. கூட வந்திருந்த ஒட்டகம் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எதிர்வீட்டுக்காரர், “முன்னைக்கு இப்போ உங்க முகத்துல களை வந்துடுச்சு” என்றார். பொய். அம்மாவின் தங்கை, “எங்க வீட்ல தினமும் உங்க பேச்சுத்தான் அத்தான்” என்றாள். பொய். “கரெக்டாத்தான் சொல்றார்” என்று சித்தப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். சிரிப்பு அவருக்கு நிறுத்தத் தெரியாமல் அழுகையாக மாறிவிடும். அம்மா கண்ணைத் துடைத்துவிடுவாள்.

மகளுக்கு மட்டும் அந்தச் சொல்லில் ஒரே அர்த்தம்தான் கேட்டது. வேலை முடிந்ததும் தினமும் வந்தாள். படுக்கை விரிப்பை மாற்றினாள், கால் நகம் வெட்டினாள், மரத்துப்போன கையை மடக்கி நீட்டிவிட்டாள்.

“மாப்பிள்ளை ஏண்டி வரவே இல்ல?” என்பாள் அம்மா.

“வேலை விஷயமா வெளியூர் போயிருக்கார்மா.”

“பொய்” என்பார் அப்பா.

அம்மாவுக்கு முகம் மலரும். “பாரு, மாப்பிள்ளை பேச்சை எடுத்தாலே உற்சாகம் வந்துடுது. இவர் தேடறார்னு அவர்கிட்ட சொல்லு.”

“சொல்றேன்மா.”

“பொய்.”

வாரம் இரண்டு முறை பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். அம்மா அவளுக்குப் பேச்சு டீச்சர் என்று பெயர் வைத்திருந்தாள். படம் வரைந்த அட்டைகளை அப்பாவின் முன்னால் பரப்பி, கோப்பை எது, சாவி எது, குடை எது என்று கேட்பாள். அப்பா இடது கையால் சரியாகத் தொடுவார். ஆமாம் என்றால் கட்டைவிரலை உயர்த்தவும் இல்லை என்றால் தாழ்த்தவும் பழக்கினாள். முதலில் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். நாளாக ஆக அது நிலைப்பட்டது.

ஒரு சாயங்காலம் அந்தப் பெண் கிளம்பியபோது மகள் பின்னாலேயே படியிறங்கிப் போனாள்.

“அந்த வார்த்தை... அது ஏன் மிஞ்சியிருக்கு?”

“உறுதியா யாராலயும் சொல்ல முடியாது. சிலருக்கு ‘ஆமா ஆமா’ன்னு மட்டும் நிக்கும். சிலருக்குக் கெட்ட வார்த்தை நிக்கும், வீட்ல இருக்கறவங்க பாவம். நான் பார்த்த ஒரு பெரியவருக்கு ‘செவ்வாய்க்கிழமை’ மட்டும்தான் வரும். விழறதுக்கு முன்னாடி கடைசியா சொன்னதா இருக்கலாம்னும் சொல்வாங்க.”

“அப்போ அந்த வார்த்தைக்கு அர்த்தம் கிடையாதா?”

அந்தப் பெண் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு அவளை உற்றுப் பார்த்தாள். “வாயில வர்றது அவர் கையில இல்ல. அதனால அந்த வார்த்தையை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. ஆனா உங்கப்பாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. நாம பேசறது எல்லாம் நல்லாவே புரியுது. சின்னக் குழந்தைகிட்ட பேசற மாதிரி மட்டும் பேசாதீங்க. அது அவருக்குப் பிடிக்கல.”

அதற்கு மறுநாள் அம்மா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். வீட்டில் இருவர் மட்டுமே. மகள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவர் கண் அவள்மேல் இருந்தது.

“அப்பா, உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு நீங்க எங்கே நின்னு பேசினீங்கன்னும் தெரியும். அம்மா இப்போ இருக்கற நிலைமையில இதையும் சேர்த்துத் தாங்கமாட்டாங்க. கொஞ்ச நாள் போகட்டும். நீங்க அம்மாகிட்ட எதுவும்...”

அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. பேச முடியாதவரிடம் பேசாமல் இருக்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“பொய்” என்றார் அப்பா. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மா வந்த பிறகும் திருப்பவில்லை.

மாப்பிள்ளை வரவில்லை என்ற அம்மாவின் புகார் நாளுக்கு நாள் வளர்ந்தது. “இத்தனை வருஷம் மாமா மாமான்னு சுத்தினவர், ஆஸ்பத்திரியில பார்த்ததோட சரி, வீட்டுக்கு வந்து எட்டிப் பார்க்கல. இவர் என்ன பாவம் பண்ணினார்?” என்று ஒருநாள் கண் கலங்கினாள். மகளுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு தவறும் செய்யாதவன் தன்னால் கெட்ட பெயர் வாங்குகிறான். கணவனுக்குப் போன் செய்தாள்.

“நான் வரக்கூடாதுன்னு நீதானே சொன்னே? தப்பித்தவறி உளறிடுவேன்னு” என்றான் அவன். “மாமாவைப் பார்க்காம எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு?”

“ஒரு தடவை வாங்க. எப்பவும்போல இருந்துட்டுப் போயிடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை அவள் லேப் வேலை முடிந்ததும் இருவரும் பேருந்து நிறுத்தத்தில் சந்தித்து ஒன்றாகப் படியேறினார்கள். அம்மா கதவைத் திறந்ததும் கோபத்தையெல்லாம் மறந்துவிட்டாள். “வாங்க மாப்பிள்ளை, ரொம்ப இளைச்சுப் போயிட்டீங்களே” என்றாள். அவன் நிஜமாகவே இளைத்திருந்தான்.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அப்பா அவனையே பார்த்தார். ஒரு பக்கம் கோணிய அந்த முகத்தில் அப்படியொரு நெகிழ்ச்சியை மகள் இதுவரை பார்த்ததில்லை. இடது கையை நீட்டினார். அவன் பிடித்துக்கொண்டான்.

“எப்படி இருக்கீங்க மாமா?”

“பொய்” என்றார். அம்மா சந்தோஷம் என்று கணக்கு வைத்திருந்த, தொண்டைக்குள்ளிருந்து வரும் பொய்.

அம்மா டீ கொண்டுவந்து ஸ்டூலின்மேல் வைத்தாள். “உங்களைப் பத்தித்தான் இவருக்குக் கவலை மாப்பிள்ளை. வெளியூர் வெளியூர்னு நீங்க அலைஞ்சா இவளும் தனியா இருக்கா பாருங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்கன்னு உங்க வாயால சொல்லிடுங்க. நிம்மதியா இருப்பார்.”

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் டீக்கோப்பையைப் பார்த்தாள்.

“நல்லா இருக்கோம் மாமா” என்றான். “ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம்.”

அப்பா அவன் கையை விட்டு மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இறுகியது. முகத்தை அவனிடமிருந்து திருப்பி அம்மாவைப் பார்த்தார். “பொய்” என்றார்.

“ஆமாங்க, மாப்பிள்ளைதான் வந்திருக்கார்.”

“பொய். பொய்.” நெற்றி நரம்பு புடைத்தது. அவன் மணிக்கட்டைத் தூக்கி அம்மாவிடம் காட்டுவதுபோல் ஆட்டினார். பிறகு மகளைப் பார்த்தார், மறுபடி அம்மாவைப் பார்த்தார். “பொய்.”

“பாத்ரூம் போகணுமா? இருங்க, இருங்க. சந்தோஷத்துல தலைகால் புரியல மனுஷனுக்கு” என்று அம்மா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அப்பா அவன் கையை உதறினார். கை ஸ்டூலில் பட்டுக் கோப்பை கவிழ்ந்தது. டீ படுக்கை விரிப்பில் ஓடியது. அவர் விசித்து விசித்து அழ ஆரம்பித்தார். சிரிப்பில் வந்து சேரும் வழக்கமான அழுகை அல்ல அது.

கணவன் எழுந்து வெளியே போனான். அவள் பின்னாலேயே போய்ப் படிக்கட்டுத் திருப்பத்தில் அவனைப் பிடித்தாள். அவன் மணிக்கட்டில் விரல்தடம் சிவந்திருந்தது.

“மாமாவைப் பார்க்க வரமாட்டேன்னு சொல்லல” என்றான் அவன். “ஆனா இப்படி வரமாட்டேன். அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லிட்டேன் பாரு, எனக்கே அசிங்கமா இருக்கு. நீ தினமும் எப்படிச் சொல்றே?”

அவன் கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அவன் இறங்கிப் போகும் காலடியோசை அடங்கும்வரை அங்கேயே நின்றிருந்தாள்.

உள்ளே அம்மா அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு, நனைந்த விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். “மாப்பிள்ளை எங்கேடி? கோவிச்சுக்கிட்டாரா? உடம்பு முடியாதவர் செய்யறதை எல்லாம்...”

“அம்மா, அப்பா சொல்றது நிஜம்மா.”

“என்ன சொல்றார்?”

“பொய்னு சொல்றாரே. அது நிஜம்.”

அம்மா விரிப்பை மார்போடு அணைத்தபடி நிமிர்ந்தாள். மகள் நின்றுகொண்டே சொன்னாள். பெட்டிகளோடு அறைக்குக் குடிபோனதைச் சொன்னாள். வெளியூர் என்று ஒன்று இல்லை என்றாள். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. முன்னதைப் பின்னும் பின்னதை முன்னுமாகச் சொல்லி முடித்தாள்.

அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். விரிப்பிலிருந்து டீ அவள் மடியில் சொட்டியது.

“அன்னிக்குக் கடைக்குப் போயிருந்தேன்னியே?”

“போகல. என் ரூம்ல இருந்தேன். அப்பா போன் பண்ணினார். வீட்ல சமைச்சிட்டு இருக்கேன்னு சொன்னேன். வாசல்ல நின்னுதான் கேட்டிருக்கார். பொய்னார். நான் போனை வச்சுட்டேன்.”

கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அது கிளம்பாமல் கனைத்தது.

“உன் புருஷனோட நீ இரு, இல்லாமப் போ. அது உன் வாழ்க்கை” என்றாள் அம்மா. குரல் தட்டையாக இருந்தது. “எங்கிட்ட மறைச்சே. அதைக்கூட விடு. இந்த மனுஷன் எனக்குச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கார். இருக்கற ஒத்த வார்த்தையை வச்சுக்கிட்டுத் தினம் தினம் சொல்லியிருக்கார். நான் பக்கத்துல உக்காந்து சிரிச்சிருக்கேன். வர்றவங்க போறவங்களைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிச்சிருக்கேன். நீ பார்த்துக்கிட்டே இருந்திருக்கே. என்னை இப்படி ஆக்கிட்டியேடி.”

மகள் எதை எதையோ எதிர்பார்த்துத்தான் இத்தனை மாதம் பயந்துகொண்டிருந்தாள். இதை மட்டும் எதிர்பார்க்கவில்லை.

அம்மா திரும்பி அப்பாவின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். “என்னங்க. இவ அந்த வீட்ல இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா?”

அப்பாவின் கட்டைவிரல் உயர்ந்தது.

“எனக்கு அதைத்தான் சொல்லிட்டு இருந்தீங்களா?”

உயர்ந்த விரல் அப்படியே நின்றது.

“எல்லாத் தடவையுமா?”

அப்பா யோசித்தார். விரலைத் தாழ்த்தாமல், உயர்த்தாமல், கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

“தண்ணின்னு நான் நினைச்சது தண்ணிதானே?”

விரல் உயர்ந்தது. அம்மா அவர் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டாள். “எனக்குத் தெரியலங்க. மன்னிச்சுக்கோங்க. எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஆடிட்டேன்.”

“பொய்” என்றார் அப்பா, மெதுவாக.

மகள் கட்டிலருகே மண்டியிட்டாள். “அப்பா, எம்மேல கோவமா?”

“பொய்.”

அவள் அம்மாவைப் பார்த்தாள். பழக்கத்தில் அம்மாவின் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. “எனக்குத் தெரியாது. நீயே கேட்டுக்கோ.”

“கோவமாப்பா?”

கட்டைவிரல் உயர்ந்தது.

“ரொம்பவா?”

உயர்ந்த விரல் தாழவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். போகட்டுமா என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கை வந்து அவள் சட்டையின் கைப்பகுதியைப் பற்றியது. அதில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளை விரலால் சுரண்டியது. அவருடைய கோபம் போய்விட்டது என்று அவள் அதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளவில்லை. கையை இழுத்துக்கொள்ளாமல் இருட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அதன் பிறகு அம்மா மகளோடு பல வாரங்கள் சரியாகப் பேசவில்லை. விரிப்பை எடு, மருந்தைக் கொடு என்பதோடு சரி. ஆனால் தங்கையிடமும் மற்றவர்களிடமும் அவளே சொல்லிவிட்டாள். “ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டாங்க. முதல்லயே இவருக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாள். அடுத்த முறை மேலாளர் வந்தபோது அப்பா “பொய்” என்றதும் யாரும் சிரிக்கவில்லை. அம்மா அப்பாவிடம் குனிந்து, “வேலை இருக்குன்னு இவர் சொல்றதை நீங்க நம்பறீங்களா?” என்று கேட்டாள். விரல் தாழ்ந்தது. மேலாளர் கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, “உண்மைதான். அந்த இடத்துக்கு ஆள் போட்டுட்டோம். எப்படிச் சொல்றதுன்னு தெரியல” என்றார். அன்று அவர் முன்னைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

அம்மா அர்த்தம் சொல்வதை அடியோடு விட்டுவிட்டாள். ஒவ்வொரு முறையும் கேட்டாள். தண்ணியா? விரல் தாழும். வெளிச்சம் கண்ணைக் கூசுதா? தாழும். முதுகா? உயரும். ஒரு விஷயத்தைப் பிடிக்க முன்பு ஒரு கணம் போதும். இப்போது நெடுநேரம் ஆகியது. அப்பா சில சமயம் அலுத்துப்போய்க் கண்ணை மூடிக்கொள்வார். அம்மா விடமாட்டாள்.

மகளும் கணவனும் முறைப்படி பிரிந்தார்கள். அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தான். இந்த முறை தானாகவே, தனியாக. அப்பாவுக்கு முகம் மழித்துவிட்டு, கம்பெனி செய்திகளை ஒட்டகத்திடம் கேட்டுவந்து சொல்வான். பாதிக்குமேல் அவனே இட்டுக்கட்டியவை. அந்த நேரத்தில் மகள் சமையலறையில் இருப்பாள். எதிர்ப்பட்டால், “சாப்பிட்டீங்களா?” என்பாள். அவன் தலையாட்டுவான். தன் அறையைக் காலி செய்துவிட்டு அவள் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டிருந்தாள். அம்மா நீச்சல் குளத்துக்கு வேலைக்குத் திரும்ப அதுதான் வழி. பகலில் அம்மா, மாலையில் மகள் என்று அவரைப் பார்த்துக்கொள்வதைப் பிரித்துக்கொண்டார்கள்.

கோடை தொடங்கிய ஒரு நாள் மாலை அவள் லேப்பிலிருந்து திரும்பியபோது அம்மா மூன்றாம் மாடிப் படியின் உச்சியில் நின்றுகொண்டிருந்தாள். கையில் கரண்டி.

“என்னம்மா ஆச்சு?”

“வேணாம்னார்.”

“எதை?”

“சூப்பைடி. வாயால சொன்னார்.”

இருவரும் உள்ளே போனார்கள். அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கிண்ணம் அப்படியே இருந்தது. மகள் ஒரு கரண்டி எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். நெற்றி நரம்பு புடைத்தது. தலை முன்னும் பின்னும் ஆடியது. அவளும் அம்மாவும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள்.

“வே... ணாம்” என்றார்.

“ஏன், நல்லா இல்லையாப்பா?”

அப்பா மறுபடி முயன்றார். “வேணாம்” என்று இந்த முறை சேர்த்தே சொல்லிவிட்டு, இடது கையால் கிண்ணத்தைத் தள்ளினார். அம்மா அதை எடுத்துக்கொண்டு போய்ச் சூப்பைக் கொட்டிவிட்டு, டீக்குத் தண்ணீர் வைத்தாள்.